தோற்ற வாக்கும் என் வாக்கே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். தேர்தல் முடிவு ஏமாற்றும்போது சிங்கப்பூருக்குக் குடியேறி வந்தவரின் நாட்டுப்பற்று தளர்கிறதா, வேரூன்றுகிறதா என்பது தலைப்பு. வேரூன்றுகிறது என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர், மண்ணிலேயே பிறந்தவன் தோற்றால் திட்டித் தீர்க்கவாவது உரிமை உண்டு, வந்தவனுக்கோ அந்தத் தோல்வி 'நீ இன்னும் விருந்தாளிதான்' என்று ஊர் சொல்லும் சொல் என்றார், கைதட்டலும் வாங்கினார். ஆனால் விருந்துக்குப் போன வீட்டில் சாம்பாரில் உப்பு கூடிவிட்டால் சிரித்துக்கொண்டே சாப்பிட்டு எழுகிறோம். நம் வீட்டுச் சாம்பாரில் கூடினால்தான் முகம் சுளிக்கிறோம்.

என்னையே சாட்சியாக நிறுத்துகிறேன். 2011, 2015, 2020 ஆகிய மூன்று பொதுத் தேர்தல்களையும் நீல அடையாள அட்டை வைத்திருந்த நிரந்தரவாசியாகத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஊரார் வீட்டுக் கல்யாணம்போல் சுவாரசியமாக இருந்தது. பாதியிலேயே தூங்கியும் போனேன். 2025 மே 3ஆம் தேதித் தேர்தலின்போது கையில் குடிமகனுக்குரிய இளஞ்சிவப்பு அட்டை. காலை எட்டு மணிக்கே வாக்களிப்பு நிலையத்தில் நின்று, என் முதல் வாக்கை மடித்துப் பெட்டியில் போட்டேன். யாருக்கு என்று கேட்காதீர்கள். கட்சிப் பெயர் கூடாது என்று நடுவர் எச்சரித்திருக்கிறார், என் மனைவிக்கும் தெரியாது. அன்றிரவு, சில வாக்குகளை மட்டும் எண்ணி முடிவைக் கணிக்கும் மாதிரி எண்ணிக்கை வெளியானதும், நான் விரும்பியவர் என் தொகுதியில் தோற்கப்போகிறார் என்று தெரிந்துவிட்டது. தொலைக்காட்சியை அணைத்தேன், உறக்கம் வரவில்லை. நள்ளிரவுக்குப் பிறகும் சமையலறைச் சன்னல் வழியாக எதிர்ப் புளோக்கில் எரிந்த விளக்குகளை எண்ணிக்கொண்டு நின்ற அந்த மனிதனை விருந்தாளி என்று எதிரணியினர் சொல்வார்களானால், விருந்தாளி எதற்காகத் தூக்கத்தை இழந்தான் என்பதையும் அவர்களே விளக்க வேண்டும்.

என்னைவிடப் பெரிய ஏமாற்றம் என் நண்பர் ஒருவருக்கு. அவரும் புதுக் குடிமகன். வசிப்பது மரின் பரேட் – பிராடல் ஹைட்ஸ் குழுத்தொகுதி, அதாவது ஒரே அணியாகப் பல உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி. மொத்தம் 97 இடங்கள் கொண்ட அந்தத் தேர்தலில் அங்கிருந்த ஐந்து இடங்களுக்கு மட்டும் போட்டியே இல்லாமல் போனது. முதல் வாக்குக்காகச் சட்டைகூடத் தேய்த்து வைத்திருந்த மனிதர்! நான் தோற்றவன் என்றாலும் வாக்களித்தவன். அவர் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்.

இந்தியத் தூதரகத்தில் ரத்து முத்திரை குத்திய பழைய கடவுச்சீட்டைக் கையில் வாங்கியபோது நெஞ்சு கனத்தது என்பதை மறைக்கவில்லை. இரட்டைக் குடியுரிமைக்கு இங்கே இடமில்லை. ஆனால் வலக்கையை உயர்த்தி நான் எடுத்துக்கொண்ட உறுதிமொழி சிங்கப்பூர்க் குடியரசுக்கு விசுவாசமாக இருப்பேன் என்பதுதான். நான் விரும்பும் வேட்பாளர் வெல்லும்வரை என்று அதில் ஒரு வரியும் இல்லை.

வரலாற்றையும் கேளுங்கள். 1966இல் நம் தேசிய உறுதிமொழியின் மூல வரைவை எழுதிய, அப்போது அமைச்சராக இருந்த எஸ். ராஜரத்னம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அவருக்கு நேர் எதிர் முகாமில் நின்ற எதிர்க்கட்சி அரசியல்வாதி ஜே. பி. ஜெயரத்னமும் அதே யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்தான். 1972 முதல் 1980 வரை பொதுத் தேர்தலும் இடைத்தேர்தலுமாக ஐந்து முறை நின்றார், ஐந்து முறையும் தோற்றார், 1981இல் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். அவருடைய அரசியலை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஐந்து முறை தோற்றவர் ஆறாவது முறையும் இந்த ஊர் மக்களிடமே வந்து வாக்குக் கேட்டார் என்பது மட்டும்தான் என் வழக்குக்கு வேண்டும். எதிரணித் தலைவரின் கணக்குப்படி அவர் முதல் தோல்வியிலேயே பெட்டி கட்டியிருக்க வேண்டும்.

இவ்வாண்டு தொடக்கத்தில் என் மூத்த மகன் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவச் சேவைக்குப் போனான். சாங்கியிலிருந்து படகில், பயிற்சி முகாம் உள்ள புலாவ் தெக்கோங் தீவு வரை பெற்றோரும் உடன் சென்றோம். முகாம் உணவுக்கூடத்தில் எங்களுக்கு எதிரே ஒரு சீனக் குடும்பம். அந்தத் தாய் தன் தட்டிலிருந்த கோழித்துண்டை மகன் தட்டுக்கு மாற்றினார். அதைப் பார்த்து என் மனைவியும் அப்படியே செய்தார். பையன்கள் இருவரும் வெட்கத்தில் தலை நிமிரவில்லை. பிறகு எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக எழுந்து உறுதிமொழி சொன்னார்கள். திரும்பும் படகில் அந்தத் தகப்பனாரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து, பிள்ளைகளுக்குக் கால் கொப்புளத்துக்கு என்ன மருந்து அனுப்பலாம் என்று கரை சேரும்வரை பேசிக்கொண்டு வந்தோம். அவர் யாருக்கு வாக்களித்திருப்பார் என்ற நினைப்பு, நடுவர் அவர்களே, இந்த உரையை எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு வந்தது. மணி அடித்துவிட்டது, அமர்கிறேன்.