கோடரி காத்த மரம்: எப்பிங் காட்டின் ஹார்ன்பீம்

[காட்சி: பனிக்கால விடியல். இலையுதிர்ந்த காடு. கேமரா ஒரு பழைய மரத்தின் அடியிலிருந்து மேலே நகர்கிறது.]

வணக்கம். இந்த மரத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். வழவழப்பான சாம்பல் பட்டை. ஆனால் தண்டு உருண்டையாக இல்லை. முறுக்கேறிய புஜம்போலப் புடைப்பும் பள்ளமுமாக இருக்கிறது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ஒரு பெரிய முண்டு. அங்கிருந்து தடித்த கிளைகள் கொத்தாகக் கிளம்பி வானத்துக்குப் போகின்றன.

இது லண்டனின் வடகிழக்கு விளிம்பிலிருந்து எசெக்ஸ் பக்கம் நீளும் எப்பிங் காடு. மரத்தின் பெயர் ஹார்ன்பீம். இந்த வடிவம் தானாக வந்ததல்ல. தலைமுறை தலைமுறையாக விறகு வெட்டியவர்களின் கோடரி கொடுத்த வடிவம்.

[காட்சி: அறுத்த கட்டையின் குறுக்குவெட்டு, மிக அருகில்.]

'ஹார்ன்' என்றால் கொம்பு. 'பீம்' என்பது பழைய ஆங்கிலத்தில் மரம். கொம்புபோலக் கெட்டியான மரம் என்பதுதான் பெயரின் பொருள். கெட்டி மரம் என்றதும் வைரம் பாய்ந்திருக்கிறதா என்று நாம் பார்ப்போம். இதில் அப்படிக் கறுத்த நடுப்பகுதியே கிடையாது. ஓரம் முதல் நடு வரை ஒரே வெளுப்பு. ஆனாலும் ஓக் மரத்தைவிடக் கடினமானது. மழையிலும் ஈரத்திலும் கிடந்தால் மட்டும் சீக்கிரம் உளுத்துவிடும். அதனால் வேலிக்கம்பத்துக்கு ஆகாது. நுகத்தடி, இறைச்சி வெட்டும் கட்டை, பியானோவுக்குள் அசையும் சிறு பாகங்கள் என்று உராய்வும் அடியும் தாங்க வேண்டிய இடங்களுக்குத்தான் இதைத் தேடினார்கள்.

[காட்சி: பழைய மாவு ஆலை. பற்சக்கரம் மெதுவாகச் சுழல்கிறது.]

எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பயன்தான். ஆலையின் இரும்புச் சக்கரத்தில் துளைகள் விட்டு, ஒவ்வொன்றிலும் ஹார்ன்பீம் மரத்தில் செதுக்கிய பல்லை இறுக்கிச் சொருகுவார்கள். அது இன்னொரு சக்கரத்தின் இரும்புப் பற்களோடு சேர்ந்து சுழலும். இரும்போடு இரும்பு மோதும் இரைச்சல் இல்லை. ஏதாவது சிக்கிக்கொண்டால் மரப்பல் உடையும், சக்கரம் தப்பும். புதுப் பல்லைச் செதுக்கிச் சொருகினால் ஆலை மறுபடி ஓடும்.

[காட்சி: இலை, பிறகு காய்க்கொத்து.]

இலையின் நரம்புகள் விசிறி மடிப்புபோல வரிசையாக இருக்கும். ஓரத்தில் பெரிய பற்களுக்கிடையே சிறிய பற்கள். காற்றிலேயே மகரந்தம் பரவுகிறது. ஒவ்வொரு சிறு கொட்டையோடும் மூன்று மடல் கொண்ட சிறகு ஒட்டியிருக்கும். அந்தச் சிறகுதான் அதைச் சுழற்றிக்கொண்டு போகிறது. தடித்த அலகு கொண்ட ஹாஃபின்ச் பறவை இந்தக் கொட்டையை நொறுக்கித் தின்னும். செர்ரிக் கொட்டையையே உடைக்கும் அலகு அது! நிழலிலும் தாக்குப்பிடிப்பதால், ஓங்கிய ஓக் மரங்களின் கீழேயும் ஹார்ன்பீம் வளர்கிறது. போலந்தின் பியாவோவியேஷா காட்டிலும் அப்படித்தான். இதன் உறவுமரம் ஒன்று நம் இமயமலையிலும் உண்டு.

[காட்சி: லோட்டன் ஊர், பழைய செங்கல் கட்டடம்.]

இனி கோடரிக்கு வருவோம். இந்தக் காட்டை ஒட்டிய லோட்டன் ஊர் மக்களுக்குப் பனிக்காலத்தில் இங்கே கிளை வெட்டி விறகு சேர்க்கும் உரிமை இருந்தது. மாடும் மானும் துளிரைக் கடிக்காதபடி உயரத்தில்தான் வெட்டுவார்கள். சில ஆண்டுகளில் மரம் மறுபடி தழைக்கும். காட்டை வேலி போட்டு அடைக்க நில உரிமையாளர்கள் முயன்றபோது, தாமஸ் வில்லிங்கேல் என்ற தொழிலாளி விடாமல் எதிர்த்து நின்றார். அவருடைய குடும்பத்தினர் சிறைக்கும் போனார்கள். 1878-இல் வந்த சட்டம் காட்டை மக்களுக்கென்று காப்பாற்றியது. ஆனால் கிளை வெட்டும் உரிமையை முடித்துவைத்தது. அதற்கு ஈடாகக் கிடைத்த பணத்தில் எழுந்ததுதான் 1884-இல் திறக்கப்பட்ட இந்த லாப்பிங் மண்டபம். 'லாப்பிங்' என்றால் கிளை வெட்டுவது.

காட்டை மீட்டவர்களை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் வெட்டு நின்றதும் கிளைகள் மரமாகவே பருத்தன. பொந்து விழுந்த கிழட்டுத் தண்டு அந்தப் பாரத்தைத் தாங்காமல் பிளக்கிறது. கீழே வெயில் விழாததால் தரையில் செடிகள் அருகின. பொந்துகளை நம்பி வாழும் வண்டுகளும் வௌவால்களும் மரம் சாய்ந்தால் எங்கே போகும்?

[காட்சி: மரத்தின் மேல் கயிற்றில் தொங்கியபடி ஒருவர் கிளை அறுக்கிறார்.]

இப்போது சில பகுதிகளில் மறுபடி வெட்டத் தொடங்கியிருக்கிறார்கள். நூறாண்டு தொடாத மரத்தை ஒரேயடியாக மொட்டையடித்தால் பட்டுப்போகலாம். அதனால் சில கிளைகளை விட்டுவைத்து, ஆண்டுகள் இடைவெளி கொடுத்துச் சிறிது சிறிதாக எடுக்கிறார்கள்.

[காட்சி: வசந்தகாலம். வெட்டிய முண்டின் விளிம்பில், மடிப்பு விரியாத ஒரு பச்சைத் துளிர்.]