பூச்செடி வைத்தால் கெட்ட பூச்சியும் வராதா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. "வரப்பில் பூச்செடி வையுங்கள், நன்மை செய்யும் பூச்சி வரும் என்கிறீர்கள், பூவைத் தேடிக் கெட்ட பூச்சியும் வந்து பயிரில் இறங்காதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம்தான்.

பயிரைத் தின்பவை பயிருக்காகவே வருகின்றன, பூ இல்லாவிட்டாலும் வரும். பூ இல்லாவிட்டால் தங்காமல் போவது அவற்றைத் தின்னும் பூச்சிகள்தான். சிர்பிட் ஈயை எடுத்துக்கொள்ளுங்கள், பார்க்கக் குட்டித் தேனீ மாதிரி அந்தரத்தில் அப்படியே நின்று பறக்குமே, அதுதான். தாய் ஈக்குத் தேனும் மகரந்தமும்தான் சாப்பாடு. ஆனால் முட்டையிடுவது, பயிரின் சாறை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி மொய்க்கிற இடத்தில். அதிலிருந்து வரும் காலில்லாத புழு அசுவினியை ஒவ்வொன்றாகப் பிடித்து உறிஞ்சிவிட்டு வெறும் தோலைப் போட்டுவிட்டு நகரும். இலையைத் திருப்பிப் பாருங்கள், அசுவினிக்கு நடுவே இந்தப் புழு தெரிந்தால் தயவுசெய்து மருந்தைக் கையில் எடுக்காதீர்கள்.

கெட்ட பூச்சியின் முட்டையிலோ புழுவிலோ தன் முட்டையை வைத்து அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியும் அப்படித்தான், தேன் கிடைத்தால் கூடுதல் நாள் உயிரோடிருந்து கூடுதல் முட்டையிடும். நெல் வரப்பில் எள் போன்ற தேன் தரும் செடிகளை வைத்துச் சீனா, வியட்நாம், தாய்லாந்து மூன்று நாடுகளிலும் செய்த ஆய்வு 2016-இல் வெளியானது: பூச்சிக்கொல்லித் தெளிப்பு 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 5 சதவீதம் கூடியது.

சரி, எந்தப் பூவும் போதுமா என்றால், போதாது. குட்டிக் குளவிகளுக்கு வாய் குட்டை, அதனால் கொத்தமல்லி, சோம்பு மாதிரி விரிந்த சின்னப் பூவில்தான் தேன் எட்டும். நீளக் குழல் பூக்களை வரிசையாக வைத்தால் அந்துப்பூச்சிக்குத்தான் விருந்து, அந்த இடத்தில் கேட்டவரின் பயம் சரியே. செண்டுமல்லி வேறு கணக்கு. தக்காளிக் காய்ப்புழுவின் அந்துப்பூச்சி அதில் முட்டையிட வரும், அதற்காகவே அதைப் பொறிப்பயிராக வைக்கிறோம். புழு விழுந்த பூவைப் பறித்து அழிக்காமல் விட்டால் நாமே வளர்த்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

அப்புறம், பலர் கோட்டை விடுவது நேரத்தில். பூச்சி வந்த பிறகு விதைத்துப் பயனில்லை. எள் பூக்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், ஆகவே நாற்றங்காலில் விதை போடும்போதே வரப்பில் எள்ளையும் தூவிவிடுங்கள், 15 நாள் கழித்து இன்னொரு முறை தூவினால் ஒன்று முடியும்போது அடுத்தது பூக்கும். நடுவில் மருந்து அடித்தே தீர வேண்டிய நிலை வந்தால், பூ இருக்கும் வரப்பின் மேல் படாமல் அடியுங்கள்.