உளவியல் வகுப்பில் புள்ளியியலுக்கு என்ன வேலை?

அனைவருக்கும் வணக்கம்.

மனிதர்களைப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையோடுதான் பலரும் இளங்கலை உளவியலில் சேருகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் முதலாண்டு முடிவதற்குள் சராசரி, திட்டவிலக்கம், ஒட்டுறவு என்று வந்து நிற்கும். "கணக்கே வேண்டாம் என்றுதானே இதை எடுத்தேன்" என்ற முணுமுணுப்பும் கூடவே கிளம்பிவிடும். இன்றைக்கு அந்த முணுமுணுப்போடுதான் எனக்குப் பேச்சு.

மனத்தைப் பற்றித் தத்துவவாதிகள் காலங்காலமாகப் பேசிவந்தார்கள். உளவியல் தனித் துறையாகத் தலையெடுத்த ஆண்டாக 1879-ஐச் சொல்வது வழக்கம். ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் அமைத்த ஆண்டு அது. ஆக, அளந்து பார்க்கத் தொடங்கியபோது பிறந்த துறை இது. அறிதல், வளர்ச்சி, சமூகம், ஆளுமை, மனநலக் கோளாறுகள் என்று எந்தத் தாளை எடுத்தாலும், அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ அளந்த எண்கள் இருக்கின்றன. அந்த எண்களைச் சோதிக்கத் தெரியாதவருக்குப் பாடநூல் வெறும் மனப்பாட நூல்.

ஒரு செய்முறை வகுப்பையே எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரூப் சோதனை. 'சிவப்பு' என்ற சொல் நீல மையில் அச்சாகியிருக்கும். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்ட ஆய்வில், 100 நிறச் சதுரங்களின் நிறத்தைச் சொல்லச் சராசரியாக 63 வினாடி ஆனது. நிறம் முரண்பட்ட 100 சொற்களுக்கோ 110 வினாடி. படிக்கப் பழகிய கண்ணுக்குப் படிக்காமல் இருப்பதுதான் கடினம்.

வகுப்பில் இதைச் செய்யும்போது எங்கே தவறுகிறது? முதலில், வரிசையில். எல்லோருக்கும் எளிய பட்டியலை முதலிலும் முரண்பட்ட பட்டியலை அடுத்தும் கொடுத்துவிடுவார்கள். இரண்டாவதில் ஆள் தாமதித்தால், அது முரண்பாட்டாலா, களைப்பாலா? பிரித்துச் சொல்ல வழியில்லை. பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுத்தால் இந்தச் சிக்கல் தீரும். அடுத்து, ஆட்களில். நிறக்குருடு உள்ளவரையும் அந்த எழுத்தைச் சரளமாகப் படிக்க வராதவரையும் தொடக்கத்திலேயே விலக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்குச் சொல் அவ்வளவாகக் குறுக்கே நிற்காது. விலக்கும் விதியைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். பார்த்த பிறகு எழுதும் விதி, தெரிந்தோ தெரியாமலோ, நமக்குப் பிடித்த முடிவின் பக்கம்தான் சாயும்.

மூன்றாவது தவறு கணினியின் முன் நடக்கிறது. இரண்டு சராசரிகளுக்கு இடையிலான வேறுபாடு தற்செயலா என்று பார்க்கும் கணக்குக்கு டி-சோதனை என்று பெயர். ஒரே ஆள் இரண்டு பட்டியலையும் செய்திருப்பதால், ஓர் ஆளின் இரண்டு நேரங்களையும் சேர்த்து ஒப்பிடும் இணைந்த டி-சோதனைதான் பொருந்தும். அட்டவணையில் ஓர் ஆளுக்கு ஒரு வரி. அந்த வரியில் இரண்டு நேரங்களுக்கு இரண்டு நெடுவரிசை. இதை இரு தனிக் குழுக்களைப் போல ஒரே நெடுவரிசையில் அடுக்கி, வெவ்வேறு ஆட்களுக்கான சார்பற்ற டி-சோதனை போட்டால், ஆளுக்கு ஆள் இயல்பாகவே இருக்கும் வேக வேறுபாடு கணக்குக்குள் புகுந்து, இருக்கிற விளைவையும் மறைத்துவிடலாம். மென்பொருள் இதைத் தடுக்காது; கேட்டதைக் கணக்கிட்டுக் கொடுத்துவிடும்.

இந்தச் சோதனை கடைசியில் தரும் எண்ணான பி மதிப்புக்கு வருவோம். 0.03 என்று வந்தால் "என் கருதுகோள் சரியாக இருக்க 97 விழுக்காடு வாய்ப்பு" என்று எழுதுகிறார்கள். தவறு. உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாகக் கிடைக்க நூற்றுக்கு மூன்று வாய்ப்பு. அது சொல்வது அவ்வளவுதான். விளைவு எவ்வளவு பெரியது என்பதை அது சொல்வதில்லை. அதற்குக் கோஹனின் டி போன்ற அளவைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

இறுதியாண்டு ஆய்வேட்டில் மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். இரு குழுக்களை ஒப்பிடுகிறீர்கள், எதிர்பார்க்கும் விளைவு நடுத்தரம், அதாவது கோஹனின் டி 0.5. பி மதிப்புக்கு வழக்கமாக வைக்கும் 0.05 எல்லையில், 80 விழுக்காடு வாய்ப்போடு அதைப் பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். விளைவு 0.2 என்றால் குழுவுக்குக் கிட்டத்தட்ட 400 பேர். குழுவுக்கு 15 நண்பர்களை வைத்துக்கொண்டு "வேறுபாடு இல்லை" என்று முடிவு எழுதுவதில் பொருளே இல்லை. இது மாணவர்களின் நோய் மட்டுமா என்றால், இல்லை. 2015-இல் ஒரு பெரும் ஆய்வுக் கூட்டணி 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் முறையில் பொருளுள்ள, அதாவது தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாத, முடிவைத் தந்திருந்தன. மறுபடி செய்தவற்றில் 36 விழுக்காடுதான் தந்தன. புகழ்பெற்ற ஆய்வு என்பதற்காகவே ஒன்றை நம்பிவிடாதீர்கள்.

தேர்வுக்குப் படிக்கும் முறைக்கும் இத்துறையிலேயே விடை இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஒரு பகுதியை நான்கு சுற்று திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தி நின்றார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது 40 விழுக்காடு; ஒரு சுற்று படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. மஞ்சள் மையால் கோடு போடுவதை விட்டு, நூலை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். எழுதும்போது தடுமாறுவதுதான் வேலை செய்கிறது.

இன்னொன்று. பெரும்பாலான நாடுகளில் இளங்கலைப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு உளவியல் சிகிச்சையாளராக முடியாது. மேற்படிப்பும் மேற்பார்வையில் பெறும் பயிற்சியும் வேண்டும். சேரும்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

ஆய்வேட்டைத் தொடங்குபவர்கள் அறநெறிக் குழுவின் அனுமதிக்கு முதலில் விண்ணப்பியுங்கள். தகவல் தாள், ஒப்புதல் படிவம், ஆய்வு முடிந்ததும் பங்கேற்றவருக்குத் தரும் விளக்கம் மூன்றும் விண்ணப்பத்தோடு போக வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வரி ஒப்புதல் படிவத்தில் விடுபட்டாலே விண்ணப்பம் திரும்பி வந்துவிடலாம். அனுமதி கிடைக்கும் முன் ஒருவரிடம்கூடத் தரவு வாங்காதீர்கள். வாங்கினால் அதை ஆய்வேட்டில் பயன்படுத்த முடியாது.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.