ஸ்டிக் பிடித்த கை

நடுவர் அவர்களே, பணியிடத்துக்கு வரும் புதிய தொழில்நுட்பம் தொழில் வல்லாரின் மதிப்பை உயர்த்துகிறது என்று வாதிட்ட எதிரணித் தலைவர், அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளைக் கையால் கோத்த கம்பாசிட்டர் ஈயத் தூசியிலிருந்து மீண்டு கணினியின் முன் அமர்ந்ததையே பெரிய சான்றாகக் காட்டினார். ஈயம் உடம்புக்குக் கேடு என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அந்தக் கம்பாசிட்டர், எழுத்துகள் அறை அறையாகக் கிடக்கும் கேஸின் முன்னிருந்து எழுந்தபோது எதை விட்டுவிட்டு எழுந்தார் என்பதை எதிரணி பார்க்கவில்லை.

எழுத்துகளை வரியாகக் கோக்கும் ஸ்டிக் என்ற சிறு தட்டு அவர் இடக்கையில் இருக்கும். எந்த அறையில் 'கு', எந்த அறையில் 'கூ' என்பதைக் கண் பாராமலே வலக்கை அறியும். தமிழில் உகர, ஊகார எழுத்துகளுக்குத் தனித்தனி அச்சு வேண்டியிருந்ததால், அத்தனை அறைகளும் கைக்குப் பழக ஆண்டுகள் ஆயின. கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிக் கிடக்கும் வரியைப் படித்து, கையெழுத்துப்படியிலேயே புலவர் விட்டிருந்த ரகர றகரப் பிழையை அவர் ஓசைப்படாமல் திருத்திவிடுவார். (புலவர்கள் இதை வெளியே ஒப்புக்கொள்வதில்லை.) 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, யானைத் தும்பிக்கை போட்ட பழைய 'லை' உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவம் மாறியது, அந்த மாற்றம் கேஸின் சுமையைக் குறைத்தது, ஆனால் பிழை பார்க்கும் உரிமையைக் கம்பாசிட்டரிடமே விட்டுவைத்தது. ஆகவே, புதியது எதுவுமே கூடாது என்பது எங்கள் கட்சி என்று யாரும் திரித்துவிட வேண்டாம்.

கணினியிலேயே பக்கம் அமைக்கும் டிடிபி வந்தபின் வரியை எங்கே முறிப்பது, சொல்லுக்கும் சொல்லுக்கும் எவ்வளவு இடம் விடுவது என்பவற்றை மென்பொருள் எடுத்துக்கொண்டது. முப்பது ஆண்டு ஸ்டிக் பிடித்தவருக்கும் நேற்றுத் தட்டச்சு முடித்தவருக்கும் பக்கத்துக்கு ஒரே கூலி என்றானது. பிழை வந்தால் மட்டும் பழி, பழையபடியே ஆப்பரேட்டர் தலையில் விழுந்தது.

பயிற்சி கொடுத்தால் மாறிக்கொள்வார்கள் என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். 1986 ஜனவரியில், லண்டனில், செய்தித்தாள் முதலாளி ரூபர்ட் மர்டாக் தம் செய்தித்தாள்களைப் பழைய அச்சகங்களிலிருந்து அந்நகரின் வாப்பிங் பகுதியில் கட்டிய புதிய அச்சகத்துக்கு மாற்றினார். செய்தியாளர்களே செய்தியை நேராகக் கணினியில் ஏற்றும் முறை அங்கே வந்தது. வேலைநிறுத்தத்தில் இறங்கிய சுமார் 6,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். ஓராண்டுக்கு மேல் வாசலில் நின்று போராடியும் அந்த வேலைகள் திரும்பவில்லை. அவர்களுள் எழுத்துக் கோத்தவர்களின் வேலையைச் செய்தியாளரின் விரல்களே முடித்துவிடும்போது, அவர்களுக்கு எந்த வேலைக்குப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும்? அடுத்து எழும் எதிரணிப் பேச்சாளர் அந்த வேலையின் பெயரைச் சொல்லட்டும், நான் அமர்கிறேன்.