காலி இடத்தைக் கண்டவர்

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் பிள்ளைகளுக்குப் பந்து கற்றுக்கொடுக்கிறவர்கள். ஆகவே நெதர்லாந்தின் கால்பந்தாட்டக்காரர் யோஹான் கிரைஃப் வாங்கிய கோப்பைகளை வரிசையாக ஒப்பிக்கப் போவதில்லை. அவர் மைதானத்தில் ஓயாமல் தேடியது ஒன்றைத்தான்: காலி இடம். பதினான்காம் எண் சட்டை போட்டு ஆடியபோதும் அதைத்தான் தேடினார், பிறகு பயிற்சியாளராகப் பெஞ்சில் உட்கார்ந்தபோதும் அதைத்தான் தேடினார்.

பிறந்தது 1947 ஏப்ரல் 25, ஆம்ஸ்டர்டாம். அயாக்ஸ் கிளப்பின் பழைய மைதானம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். பன்னிரண்டு வயதில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அம்மா அதே கிளப்பில் துப்புரவு வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1964 நவம்பரில், 17 வயதில், மகன் அயாக்ஸின் முதல் அணியில் இறங்கினார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ரைனஸ் மிஹெல்ஸ் பயிற்சியாளராக வந்தார். 1971, 72, 73 என்று தொடர்ந்து மூன்று ஐரோப்பியக் கோப்பைகள் அயாக்ஸுக்கு. நெதர்லாந்துக்காக 48 ஆட்டம், 33 கோல். ஆட்டக்காரர் வாழ்க்கைக்கு இந்தக் கணக்கு போதும்.

ஒரே ஒரு அசைவை மட்டும் கிட்டப்போய்ப் பார்ப்போம். 1974 உலகக் கோப்பை, ஜூன் 19, டோர்ட்மண்ட் நகரம், எதிரணி ஸ்வீடன். இடது ஓரத்தில் கிரைஃப், அவரை ஒட்டியபடி யான் ஓல்சன். வலது காலை ஓங்குகிறார். பார்க்கிற எவருக்கும் அது கோலுக்கு முன்னாலுள்ள பெட்டிக்குள் அனுப்பப்போகிற பந்து. ஓல்சனும் அப்படித்தான் நம்பிச் சாய்கிறார். ஓங்கிய கால் உதைக்கவில்லை. பாதத்தின் உள்பக்கத்தால் பந்தை, ஊன்றிய இடது காலுக்குப் பின்புறமாக இழுத்துவிட்டுத் திரும்பி ஓடிவிட்டார்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது கெட்டுப்போவது பெரும்பாலும் ஊன்றுகாலில்தான். ஊன்றுகால் பந்துக்குச் சமமாகவோ பின்னாலோ நின்றால், இழுத்த பந்து குதிகாலில் இடித்து நின்றுவிடும். பந்தைத் தாண்டி அரை அடி முன்னால் ஊன்ற வேண்டும். அடுத்தது, ஓங்குவது பொய்யாகத் தெரியக்கூடாது. தோளும் கையும் சேர்ந்து உதைப்பது போலவே திரும்ப வேண்டும். மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை: திரும்பியதும் முதல் இரண்டு எட்டு வேகமாக இல்லையென்றால், ஏமாந்தவன் வந்து சேர்ந்துவிடுவான். சொல்லப்போனால் அந்த ஆட்டம் 0-0. அந்த அசைவால் கோல் ஒன்றும் விழவில்லை. ஐம்பது ஆண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்!

1984இல் ஆட்டத்தை நிறுத்தினார். அடுத்த ஆண்டே அயாக்ஸின் பொறுப்பு கைக்கு வந்தது. 1987இல் ஐரோப்பாவின் கோப்பை வென்றோர் கோப்பை, ஏதென்ஸில், மார்கோ வான் பாஸ்டன் அடித்த ஒரே கோலில். 1988இல் ஸ்பெயினின் பார்சிலோனா கிளப்.

அவர் போய் இறங்கிய வீடு எரிந்துகொண்டிருந்த வீடு. அந்த ஏப்ரலில்தான் ஆட்டக்காரர்கள் கூடிக் கிளப் தலைவர் நூன்யெஸ் பதவி விலக வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டிருந்தார்கள். கோடையில் பலர் வெளியேறினார்கள். கிரைஃப் பாஸ்க் நாட்டிலிருந்து பக்கேரோ, பெகிரிஸ்தாய்ன் போன்றவர்களைக் கூட்டிவந்தார். அடுத்த ஆண்டு கூமான், லவுட்ரப், அதற்கடுத்த ஆண்டு ஸ்டோய்ச்கோவ். முதல் இரண்டு ஆண்டும் லீக் பட்டம் ரியல் மாட்ரிடுக்கே போனது. 1990இல் அதே மாட்ரிடை 2-0 என்று வீழ்த்தி வாங்கிய ஸ்பெயின் மன்னர் கோப்பைதான் அவர் நாற்காலியைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு.

அவருடைய கணக்கு எளிமையானது. எதிரணி இரண்டு முன்கள ஆட்டக்காரரோடு வருகிறதா? இரண்டு பேரைக் காக்க மூன்று பேர் போதும். நான்காவது டிஃபெண்டர் அங்கே சும்மா நிற்கிறான். அவனை நடுகளத்துக்கு அனுப்பு. பின்னால் மூன்று, நடுவில் வைர வடிவில் நான்கு, முன்னால் மூன்று. வைரத்தின் கீழ்முனையில் ஒல்லியான ஓர் இளைஞன், பெப் குவார்டியோலா. ஓட்டத்தில் வேகமில்லை, உடம்பில் பலமில்லை. பந்து வருமுன்பே அது போகவேண்டிய இடம் அவனுக்குத் தெரியும். நடு முன்கள இடத்தில் லவுட்ரப். ஆனால் அங்கே நிற்காமல் பின்னால் இறங்கிவிடுவார். அவரைக் காக்கவேண்டிய டிஃபெண்டர் தொடர்ந்து வந்தால் முதுகுக்குப் பின்னால் இடம் காலி. வராவிட்டால் லவுட்ரப் தனியாள்.

இதற்கெல்லாம் அடிப்படைப் பயிற்சி ரோண்டோ. எட்டு மீட்டர் சதுரம், சுற்றி ஐந்து பேர், நடுவே இருவர், ஒரே தொடுகையில் பந்து நகர வேண்டும். பறிகொடுத்தவன் நடுவே போக வேண்டும். சதுரத்தைப் பன்னிரண்டு மீட்டராக்கிவிட்டால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஆடுவார்கள், ஒன்றும் கற்க மாட்டார்கள். பந்தைக் கடத்தியதும் பாதம் மண்ணில் ஒட்டி நிற்பது, உடம்பை மூடிக்கொண்டு பந்தை வாங்குவது, இரண்டையும் உடனே திருத்துங்கள். பக்கத்திலிருப்பவனுக்கே தட்டிக்கொண்டிருப்பது ரோண்டோ அல்ல. நடுவே நிற்கும் இருவருக்கும் இடையில் ஊடுருவும் பாஸ்தான் அதன் உயிர்.

1991 பிப்ரவரியில் இதய அறுவை சிகிச்சை. சிகரெட்டை விட்டார், பெஞ்சில் குச்சிமிட்டாயோடு உட்கார்ந்தார். 1991 முதல் 94 வரை தொடர்ந்து நான்கு லீக் பட்டம். அதில் மூன்று கடைசி நாளில் கிடைத்தவை. 1992லும் 93லும் பட்டத்துக்குப் போட்டியிட்ட மாட்ரிட் டெனரீஃபில் தோற்றது, 94இல் போட்டி அணியான டெப்போர்தீவோவின் ஜூகிச் கடைசி நிமிடப் பெனால்டியைக் கோட்டைவிட்டார். அதிர்ஷ்டமும் இருந்தது, மறுப்பதற்கில்லை. 1992 மே 20, வெம்பிளி: ஸ்டோய்ச்கோவ் தட்ட, பக்கேரோ நிறுத்த, கூமான் அடித்தார், இத்தாலியின் சாம்ப்டோரியாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் அந்த ஒரு கோல், பார்சிலோனாவின் முதல் ஐரோப்பியக் கோப்பை.

இரண்டு ஆண்டு கழித்து, 1994 மே 18, ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், மீண்டும் ஏதென்ஸ். எதிரணியான இத்தாலியின் மிலானில் டிஃபெண்டர்கள் பரேசியும் கோஸ்டகூர்த்தாவும் தடையில். எளிதில் வெல்வோம் என்று பார்சிலோனா பக்கம் பேச்சு. களத்தில் மூன்று வெளிநாட்டவர்தான் இருக்கலாம் என்ற விதியில் லவுட்ரப் வெளியே உட்கார்ந்தார். மிலான் நடுகளத்திலேயே நெருக்கியது. குவார்டியோலாவுக்குத் தலைதூக்க நேரமில்லை. அவரிடம் பந்து பறிபோனால் பின்னால் மிஞ்சுவது வேகமில்லாத கூமானும் அவருக்கு இருபுறமும் பரந்த வெளியும். 4-0. எதிரிக்குப் பின்னால் தேடிய காலி இடத்தை, கிரைஃப் தன் முதுகுக்குப் பின்னாலும் திறந்தே வைத்திருந்தார். மிலான் அதற்குள் புகுந்தது.

லவுட்ரப் அந்தக் கோடையில் மாட்ரிடுக்குப் போனார். 1995 ஜனவரியில் மாட்ரிட் பார்சிலோனாவை 5-0 என்று அடித்தபோது அவர் மாட்ரிடின் வெள்ளைச் சட்டையில் இருந்தார். 1996 மேயில் கிரைஃபை நீக்கினார்கள். 2016 மார்ச் 24இல் இறக்கும்வரை வேறெந்தக் கிளப்புக்கும் அவர் பயிற்சியாளராகவில்லை.