பால்மாப் பெட்டி மட்டையில் எழுதிய மூன்று வரி

எல்லாருக்கும் வணக்கம். கொழும்பு புறக்கோட்டை மொத்த வியாபாரத்திலேயே என் காலம் போனது. நல்ல முகாமையாளர்களை எப்படி உருவாக்குவது என்று பேசச் சொன்னார்கள். நான் செய்த ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறேன்.

2022 ஜூன். நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பாடு. அதைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை இன்னும் வரவில்லை. ஸ்டோர்ஸில் இரண்டு லொறி, ஒன்றுக்குத்தான் டீசல். நீர்கொழும்பில் எங்கள் பெரிய வாடிக்கையாளர் அரிசி கேட்கிறார். அவிசாவளையில் மூன்று சின்னக் கடைக்காரரும் கேட்கிறார்கள். நானோ பெற்றோல் வரிசையில் நிற்கிறேன், போனில் சார்ஜ் இல்லை. ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி தானே முடிவெடுத்து லொறியை அவிசாவளைக்கு அனுப்பிவிட்டார்.

பெரிய வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு வேறு இடத்தில் வாங்கத் தொடங்கினார். மூட்டை தூக்கும் நாட்டாமிகள் பார்த்திருக்கத் தம்பியை ஏசினேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் மேசையில் ஒரு பால்மாப் பெட்டி மட்டை கிடந்தது. பின்பக்கம் பென்சிலில் மூன்று வரி: நீர்கொழும்புக் கடையில் ஒரு கிழமைக்கு அரிசி இருக்கிறது, காலையில் கேட்டேன். அவிசாவளையில் மூன்று கடையிலும் முடிந்துவிட்டது. டீசல் போய்வர மட்டும் காணும்.

அன்று காலை அவருக்குத் தெரிந்திருந்தது அவ்வளவுதான். அதை வைத்துப் பார்த்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். முடிவு நல்ல முடிவு, விளைவுதான் கெட்டது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு நாங்கள் எத்தனை பிள்ளைகளை ஏசியிருக்கிறோம்! அப்புறம் நடந்ததுதான் பெரிய நட்டம். கயிறு வாங்குவதற்குக்கூட அவர் எனக்குப் போன் எடுத்துக் கேட்கத் தொடங்கினார்.

அதே நாட்டாமிகள் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். ஒரு கொப்பி வாங்கி வைத்தேன். பெரிய முடிவு எதையும் எடுக்கும்போதே அதில் எழுத வேண்டும்: என்ன தெரியும், என்ன தெரியாது, ஏன் இந்த வழி. மாதம் ஒருமுறை எல்லாரும் சேர்ந்து வாசிப்போம். என்னுடைய முடிவுகளும் அந்தக் கொப்பியில்தான். பின்னால் வந்து, ‘எனக்கு அப்போதே தெரியும்’ என்று யாரும் சொல்ல முடியாது. அன்று என்ன தெரிந்தது என்பது எழுத்தில் இருக்கிறது. நன்றாக விற்பவரை உடனே முகாமையாளராக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டோம். விற்கத் தெரிவது வேறு, நாலு பேரைக் கேட்டு முடிவெடுப்பது வேறு.

கேரி கிளைன் என்ற உளவியலாளர் 2007இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் ஒரு முறையை எழுதினார். வேலையைத் தொடங்குமுன், ‘இது தோற்றுப்போய்விட்டது’ என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுத வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இது மிகவும் பொருந்தும். முதலாளி முகத்துக்கு நேரே ‘சரிவராது’ என்று சொல்ல இங்கே யாருக்கு மனம் வரும்? தோற்றதாக வைத்துக்கொண்டு காரணம் எழுது என்றால் எழுதுவார்கள். ஒன்று, முதலாளி கடைசியாகத்தான் வாய் திறக்க வேண்டும்.

ஒரு தீபாவளிக்கு முன் நிறையச் சீனி இறக்க நினைத்தேன். அதே முறையில் எல்லாரிடமும் சீட்டுகளை எழுதி வாங்கினேன். கணக்கு எழுதும் தங்கச்சி ஒருவர், சேர்ந்து ஏழு மாதம்தான், இப்படி எழுதியிருந்தார்: ‘ஐப்பசி மழையில் பின்பக்கக் கூரை ஒழுகி, சீனி கரைந்தது.’ ஏணி வைத்து ஏறிப் பார்த்தோம். இரண்டு தகரம் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. நாட்டாமிகளுக்கு அது முன்பே தெரியும். நான் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை.

தகரத்தை மாற்றிய பிறகுதான் சீனி இறங்கியது.