கள்ளிச்செடிக்குள் ஒரு சிவப்பு

(காட்சி: வேலூர் பக்கம் ஒரு பாறைக் குன்று. சப்பாத்திக்கள்ளி மடலில் வெள்ளைப் பஞ்சுத் திட்டுகள்.)

இந்தப் பஞ்சைக் குச்சியால் வழித்து, வெள்ளைத் தாளில் வைத்து நசுக்குகிறேன். பாருங்கள், ரத்தம் மாதிரியே இருக்கிறது! பஞ்சுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கொச்சினீல் பூச்சியின் சாறு இது. சிவப்புக்குக் காரணம் கார்மினிக் அமிலம்.

கள்ளிப்பழம் தின்றால் நாக்கு சிவக்குமே, அந்தச் சிவப்புதானோ என்று தோன்றும். இல்லை. பழத்தில் இருப்பது பீட்ரூட்டில் இருக்கிற பீட்டலெய்ன் வகை. இதுவோ பூச்சியின் உடம்பிலேயே உண்டாவது. எறும்புகளுக்கு இது பிடிக்காது. பூச்சிக்கு அதுவே காவல்.

நம் பக்கத்துப் பூச்சி, கள்ளியை அழிப்பதற்காக 1926 வாக்கில் இலங்கை வழியாகக் கொண்டுவரப்பட்ட இனம். சாயத்துக்கு வளர்ப்பது வேறு இனம், பெரும்பாலும் பெரு நாட்டில். அது காய்ந்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாயம்தான். ஆனால் காய்ந்த பூச்சி ஒரு கிலோ சேர ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பூச்சி வேண்டும்.

(காட்சி: இரண்டு கண்ணாடி டம்ளர்களில் சாயத் தண்ணீர்.)

முதல் டம்ளரில் எலுமிச்சைச் சாறு விடுகிறேன். ஆரஞ்சு! இரண்டாவதில் ஒரு சிட்டிகை சமையல் சோடா. ஊதா! எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத இடம் இது. கார்மினிக் அமிலத்தின் நடுவில் மூன்று வளையங்கள் ஒட்டி நிற்கின்றன. ஓரங்களில் ஆக்சிஜனோடு ஹைட்ரஜன்கள். புளிப்பில் அந்த ஹைட்ரஜன்கள் அப்படியே இருக்கும். சோடா மாதிரிக் காரப் பொருள் சேர்ந்தால் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். எலக்ட்ரான்கள் இன்னும் தாராளமாகப் பரவும். உறிஞ்சுகிற ஒளி மாறும். அதனால் நிறமும் மாறும்.

அப்புறம், இந்த மூலக்கூறில் ஒரு குளுக்கோஸும் ஒட்டியிருக்கிறது. அதனால் தண்ணீரில் சுலபமாகக் கரையும். துணிக்கு அதுதான் தொல்லை, அலசினால் போய்விடும். சரி, என்ன செய்வது? சலூனில் சவரம் முடிந்ததும் தேய்ப்பார்களே, அந்தப் படிகாரம் போதும். அதிலிருக்கும் அலுமினியம் ஒரு பக்கம் சாயத்தின் ஆக்சிஜன்களையும் மறுபக்கம் நூலையும் பிடித்துக்கொள்ளும். அலுமினியமும் கால்சியமும் சேர்த்துப் படியவைத்த சாயத்துக்குக் கார்மைன் என்று பெயர். லிப்ஸ்டிக்கிலும் வெளிநாட்டு மிட்டாய்களிலும் வரும். சைவம் பார்ப்பவர்கள் லேபிளில் இதன் குறியீடான 'E120' இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள்.

(காட்சி: ஆரணிப் பட்டுத் துண்டுகள் இரண்டு, அருகருகே.)

இரண்டையும் ஒரே சாயத்தில்தான் போட்டேன். இடது துண்டை மட்டும் முன்னாடியே படிகாரத் தண்ணீரில் ஊறவைத்திருந்தேன். இப்போது மூன்று தண்ணீர் அலசியாகிவிட்டது. வலது துண்டு வெளிறிப்போய்விட்டது. இடது துண்டு, குங்குமம் மாதிரி, அப்படியே நிற்கிறது.